எல்லாம் சரி என்றது பெட்டி

தேசிங்கு யாரையும் லேசில் நம்பமாட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, பார்த்த வேலை அப்படி. பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். நடுவழியில் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி ஏறினால், தூங்குகிறவனைத்தான் முதலில் எழுப்புவார். தூங்குகிறவன் எவனும் நிஜமாகத் தூங்கவில்லை என்பது அவர் கணக்கு.

ரிட்டயர் ஆனதும் சொந்த ஊரான ஆலங்கழிக்குப்பத்துக்கே வந்துவிட்டார். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. வாங்கி வந்த வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்ப்பார். குழம்பு கொதிக்கும்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார். பெண்சாதி செங்கேணிதான் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்.

"மீன் கொட்டாய் மாடியில காசிநாதன் பொண்ணு கம்ப்யூட்டர் சொல்லித் தருதாம். போயி கத்துக்கயேன். என் குழம்பு தப்பிக்கும்."

போனார்.

பவளம் டீச்சருக்கு அவர் மகள் வயசு. பட்டணத்துக் கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள், பிள்ளைப்பேற்றுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டாள். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே பாடம் நடத்துவாள். முதல் நாள் தேசிங்கு அவளைப் பார்த்துக் கும்பிட்டார். படிக்க வந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இன்னாத்துக்கு சிரிப்பு? வயசு வேற, பாடம் வேற," என்றார்.

"உக்காருங்க மாமா," என்றாள் பவளம்.

அன்றிலிருந்து அவள் அவருக்கு டீச்சர். அவர் அவளுக்கு மாமா.

அந்த ஊரில், ஏரி போய்க் கடலைத் தொடுகிற வாயில் ஓர் இடம் உண்டு. இறால் அங்கேதான் குவியும். எல்லா வலையும் ஒரே நேரத்தில் அங்கே இறங்க முடியாது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு வலை என்று முறை. அந்த முறைக்குப் பாடு என்று பேர். சீசன் தொடங்கும்போது சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எடுத்த வரிசை எடுத்ததுதான். தன் பாட்டை விட்டவன், வரிசை முழுக்கச் சுற்றி வரும்வரை ஓரத்துப் பொடி மீனைத்தான் பொறுக்க வேண்டும்.

இந்த வருஷம் அந்த வரிசையைத் தேசிங்கு ஒரு ஃபைலில் அடித்தார். வரிக்கு ஒரு வலை. பிறகு, டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரி ஒரு புரோகிராம் எழுதினார். விடியற்காலையில் அந்த மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டி தானாக விழித்து அந்த ஃபைலைத் திறக்கும். மேலிருந்து வரி வரியாகப் படித்துக்கொண்டே வரும். இன்றைக்கு எத்தனையாவது நாளோ அத்தனையாவது வரி வந்ததும் நின்று, அந்தப் பேரைக் கரைக்குக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் சொல்லும்.

"இன்னைக்குப் பாடு, இன்னார் வலைக்கு."

பெட்டி முதல்முதலாகச் சொன்ன காலையில் தேசிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்றார்.

நாள் தவறாமல் பெட்டி சரியாகவே சொல்லிக்கொண்டு வந்தது. கெடுத்தது ஒரு டீ.

மாசிலாமணி என்று செங்கேணிக்கு ஒரு தம்பி. சொந்தமாகச் சுற்றுவலை வைத்திருந்தான். வாய் கொஞ்சம் நீளம். ஒரு சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் இருக்கும்போது ஆரம்பித்தான்.

"இன்னா மச்சான், உன் பெட்டி நல்லாத்தான் பேசுது. ஆனா ஒண்ணு. நான் நெனச்சேன்னா நாளைக்கே என் பேர சொல்ல வெப்பேன்."

"எப்பிடிடா வெப்ப?"

"அதுக்குக் காதுல சொல்றதுக்கு ஒரு வார்த்த இருக்குது. உன்கிட்ட சொல்லுவனா?"

கடை முழுக்கச் சிரித்தது. தேசிங்கும் சிரித்தார். டீ மட்டும் உள்ளே இறங்கவில்லை. சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறவன்தான் செய்கிறவன். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.

நேரே மீன் கொட்டாய் மாடிக்குப் போனார். பெட்டியைத் திறந்து புரோகிராமில் ஒரு காவல் போட்டார். ஃபைலைத் திறந்தவுடனே முதல் வரியைப் படி. நான் அடித்த பேர்தானா என்று பார். வேறு பேராக இருந்தால் கத்து. அதே பேராக இருந்தால், "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்.

டீச்சரிடம் சொல்லவில்லை. காவல் போடுகிறவன் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டா போடுவான்?

விடிந்தது. அன்று தனகோட்டி வலையின் நாள். தனகோட்டியும் அவன் ஆட்களும் தோணியில் வலையை ஏற்றிவிட்டு, ஒரு பேச்சுக்காகத்தான் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"எல்லாம் சரி," என்றது பெட்டி. "இன்னைக்குப் பாடு, மாசிலாமணி வலைக்கு."

தனகோட்டி துடுப்பைக் கீழே போட்டான்.

மாசிலாமணியும் அப்போதுதான் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தான். ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு, "பெட்டியே சொல்லிடுச்சி. நான் இன்னா பண்றது?" என்று ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

அன்றைக்கென்று இறால் அப்படிக் கொட்டியது. தோணி தண்ணீர் மட்டத்துக்கு அமிழ்ந்து வந்தது.

மத்தியானம் ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் ஒரே கூச்சல். தனகோட்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது. தலைவர் தேசிங்கைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னாப்பா இது? பெட்டி தப்பா, ஆள் தப்பா?"

"பெட்டி தப்பு பண்ணாது தலைவரே. ஃபைலத் திறந்து என் கண்ணால பாத்துட்டேன். தனகோட்டி பேரு அதே வரியில அப்பிடியே கீது."

"அப்ப?"

"அதுதான் பாருங்க. காலையில மாத்தியிருக்கணும், வேலை முடிஞ்சதும் திரும்ப எடுத்து வெச்சிருக்கணும். தடயமே இல்லாம. முந்தா நாள் டீக்கடையில அவன் பேசுனத எல்லாரும் கேட்டீங்க இல்ல?"

டீக்கடைப் பேச்சு நேற்று சாயங்காலம்தான். கோபத்தில் அவருக்கு நாள் குழம்பியது. யாரும் திருத்தவில்லை. எல்லாரும் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"விளையாட்டுக்கு சொன்னேன்யா," என்றான் மாசிலாமணி.

"விளையாட்டுக்கு சொன்னது விடிஞ்சா நெசமாவுமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு சாயந்தரம் கூட்டம். தேசிங்கு, நீ ருசு காட்டணும். காட்டிட்டா மாசிலாமணி வலைக்கு இந்த சீசன் பூரா பாடு கிடையாது. பாட்டுல கை வெச்சவனுக்கு அதுதான் இந்த ஊர் சட்டம்."

சீசன் பூரா பாடு இல்லை என்றால், அந்த வலையை நம்பி இருக்கிற குடும்பங்கள் எல்லாம் வெளியூருக்குக் கூலிக்குத்தான் போக வேண்டும். மாசிலாமணி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அதையும் தேசிங்கு கவனித்தார். நியாயம் இருக்கிறவன் கத்துவான். இவன் ஏன் கத்தவில்லை?

வீட்டில் செங்கேணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என் தம்பி திருடனா?"

"நான் சொல்லல. ருசு சொல்லுது."

"அவன் திருடன்னா நான் திருடனோட அக்கா. என் கையால வடிச்ச சோறு உனக்கு எறங்குமா?"

தேசிங்கு சோற்றைப் பார்த்தார். அப்புறம் கை கழுவிவிட்டார். செங்கேணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் அழுதாளா என்று அவர் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே மாடி அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். டீச்சர் கேட்டதற்கு, "ரெண்டு நாளைக்குப் பாடம் வேணாம் டீச்சர். ஊர்க் காரியம்," என்றார்.

"நான் ஒரு தபா பெட்டியப் பாக்கட்டுமா மாமா?"

"வேணாம்," என்றார். சட்டென்று வந்துவிட்டது. அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

படியில் அடுப்புச் சாம்பலைத் தூவினார். வருகிறவன் காலடி விழட்டும். பிறகு உள்ளே போய்க் காவலைப் பலப்படுத்தினார். முதல் வரியை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டாவது வரியையும் படி. அதுவும் சரியா என்று பார். அப்புறம் வேலையைத் தொடங்கு.

விடியற்காலையில் சாம்பலைத்தான் முதலில் பார்த்தார். மனுஷக் காலடி இல்லை. கோழிக் கால் மட்டும் இருந்தது. அது யார் வீட்டுக் கோழி என்று விசாரித்தார். மாசிலாமணி வீட்டுக் கோழி.

"ம்ம்," என்றார் தேசிங்கு.

ஊரே கரையில் நின்றது. வரிசைப்படி அன்றுதான் மாசிலாமணியின் நாள்.

"எல்லாம் சரி," என்றது பெட்டி. "இன்னைக்குப் பாடு, காசிநாதன் வலைக்கு."

மாசிலாமணி பேர் இல்லை. அவனுக்கு அடுத்த பேரும் இல்லை. அதற்கும் கீழே கிடந்த காசிநாதன் பேர். காசிநாதன், பவளம் டீச்சரின் அப்பா.

காசிநாதன் தோணிப் பக்கமே போகவில்லை. "அது என் நாள் இல்ல. நான் எறங்க மாட்டேன்," என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மாசிலாமணியும் இறங்கவில்லை. "நான் எறங்குனா அதுக்கும் ஒரு ருசு சொல்லுவான்," என்று மணலில் குந்திவிட்டான். அன்று ஏரி வாயில் ஒரு வலையும் இறங்கவில்லை. கொக்குகள் மட்டும் நின்றன.

தேசிங்கு வேர்த்துப்போய் நின்றார். இப்போதுதான் எல்லாம் புரிகிற மாதிரி இருந்தது. காசிநாதனும் மாசிலாமணியும் பங்காளிகள். நேற்று அவன் தின்றுவிட்டான், இன்று பங்காளிக்கு விட்டுக் கொடுக்கிறான். இறங்கமாட்டேன் என்பதெல்லாம் நடிப்பு. அப்படியானால் பெட்டிக்குள் கை வைக்கத் தெரிந்த ஆள் யார்? இந்த ஊரில் ஒரே ஓர் ஆள்தான். பூட்டு எதற்கு அவளுக்கு? பட்டணத்தில் எங்கெங்கேயோ இருக்கிற பெட்டியை இருந்த இடத்திலிருந்தே திறந்தவள் ஆயிற்றே.

பெட்டியைப் பார்க்கட்டுமா என்று நேற்று ஏன் கேட்டாள்?

டீக்கடைக்குப் போனார். "காசிநாதன் பொண்ணு எதுக்காக பட்டணத்து வேலைய விட்டுது? எதுனா தப்பு தண்டாவா?" என்றார்.

"புள்ள பெத்ததுக்கு விட்டுது," என்றான் கடைக்காரன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்னுதான் நெனச்சேன். நீ கேக்குற தினுசுல இப்ப எனக்கே டவுட்டா கீது."

தனகோட்டியிடம் போய் மாசிலாமணியைப் பற்றிக் கேட்டார். வலைக் கொட்டாய்க்குப் போனார். பவளத்தோடு பள்ளிக்கூடத்தில் படித்தவளை மீன் சந்தையில் பிடித்து விசாரித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே அவருக்கு நல்லதாகப் படவில்லை.

கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ருசு வேண்டும். அவள் வீட்டுக்கே போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கிளம்பினார்.

பவளம் பின்கட்டில் கேழ்வரகு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மாவு. பக்கத்தில் பாயில் குழந்தை உட்கார்ந்து பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மாமா. நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு உதவி."

"இன்னா உதவி?" என்றார் ஜாக்கிரதையாக.

"அந்தத் தட்டுல அடை அடுக்கி வெச்சிருக்கேன் பாருங்க. மேலேர்ந்து மூணாவது பாப்பாவுக்கு சுட்டது. வாய்ப்புண்ணு அதுக்கு, மொளகா போடல. மத்தது எல்லாம் காரம். மூணாவத எடுத்து கொஞ்சம் பிச்சிக் குடுங்க. மேல இருக்கறத நீங்க எடுத்துக்குங்க."

அவள் கல்லில் மாவைத் தட்டத் திரும்பினாள்.

தேசிங்கு தட்டைப் பார்த்தார். நீங்க எடுத்துக்குங்க என்று ஏன் சொன்னாள்? நான் வருவேன் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கூட்டத்துக்கு முன்னாடி என் வாயைக் கட்ட நினைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? இடுமருந்து என்று அவர் அம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. சோற்றில் வைப்பார்கள், வெற்றிலையில் வைப்பார்கள். தின்றவன் வைத்தவர் சொன்னபடி ஆடுவான்.

மேல் அடையை மெதுவாக எடுத்தார். இரண்டாகப் பிய்த்தார். மோந்து பார்த்தார். முருங்கைக்கீரையை நகத்தால் நோண்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனாலும் வாயில் வைக்க மனசு வரவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே, வேலிப் பக்கம் நின்ற நாய்க்கு வீசிவிட்டார்.

பிறகு தட்டில் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதைப் பிய்த்துக் குழந்தை வாயில் ஊட்டினார்.

குழந்தை ஒரு நொடி சும்மா இருந்தது. அப்புறம் வீறிட்டது. முகம் சிவந்து மூச்சு முட்டிவிட்டது.

பவளம் மாவுக் கையோடு ஓடி வந்து தூக்கினாள். வாயைக் கழுவினாள். வெல்லத்தைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தேசிங்கு என்ன செய்வதென்று தெரியாமல் விசிறியை எடுத்து விசிறினார். குழந்தை விக்கி விக்கி அடங்குவதற்குள் கல்லில் இருந்த அடை கருகிப் புகைந்தது.

"மூணாவதுன்னுதானே சொன்னேன் மாமா?"

"மூணாவதுதான் குடுத்தேன் டீச்சர். சத்தியமா. எண்ணித்தான் குடுத்தேன்."

பவளம் தட்டைப் பார்த்தாள்.

"மேல இருந்தது எங்க?"

அவர் வேலியைப் பார்த்தார். நாய் இன்னும் நக்கிக்கொண்டிருந்தது.

"அது... சும்மா எடுத்துப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அந்தண்ட போட்டுட்டேன்."

"அப்புறம் எங்கேர்ந்து எண்ணுனீங்க?"

"தட்டுலேர்ந்துதான். மேலேர்ந்து."

"எந்த மேலேர்ந்து?"

தேசிங்கு தட்டையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். விசிறி கையிலேயே நின்றுவிட்டது.

பவளத்தின் முகமும் மாறியது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். "மாமா, அந்த எல்லாம் சரின்னு ஒரு பேச்சு. நான் சொல்லித் தந்த புரோகிராமுல அது இல்லியே. நீங்க போட்டதா?"

"ஆமா."

"எதைப் பாத்துட்டு எல்லாம் சரின்னு சொல்லுது?"

"மொத வரியப் படிச்சி பாத்துட்டு. நேத்துலேர்ந்து ரெண்டாவது வரியையும்."

"படிச்ச வரி அப்புறம் இன்னா ஆவுது?"

"இன்னா ஆவும்? ஃபைலுல அங்கயேதான் இருக்கு. நான் பாத்தேனே."

"ஃபைலுல இருக்கும். ஆனா பெட்டி அதத் தாண்டி வந்துடும் மாமா. ஒரு வரி படிச்சா அடுத்த வரியில போய் நிக்கும். திரும்பிப் போன்னு நாம சொன்னாத்தான் திரும்பும்."

தேசிங்கு எழுந்துவிட்டார். செருப்பைப் போடாமலே நடந்தார். அவளும் குழந்தையோடு பின்னாலே வந்தாள். மாடிப் படியின் சாம்பலில் அவருடைய வெறுங்கால்தான் முதலில் பதிந்தது. அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

பெட்டி முன்னால் உட்கார்ந்து விரலை வைத்து எண்ணினார். காவலுக்கு ஒரு வரி. அது போச்சு. அதற்கு அப்புறம்தான் ஒன்று என்று எண்ணத் தொடங்குகிறது. தனகோட்டி நாளில் தனகோட்டியைத் தாண்டி அடுத்தவன் பேர் வந்தது. அடுத்தவன் மாசிலாமணி. காவலைக் கூட்டியதும் இரண்டு வரி போச்சு. மாசிலாமணி நாளில் அவனைத் தாண்டி, அடுத்தவனையும் தாண்டி, காசிநாதன்.

திரும்பவும் எண்ணினார். அதேதான் வந்தது.

"இன்னும் ஒரு காவல் போட்டிருந்தேன்னா?" என்றார் மெதுவாக.

"இன்னும் ஒருத்தர் திருடன் ஆயிருப்பாரு," என்றாள் பவளம்.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். மணல் மேட்டில் கூட்டத்துக்கு ஆட்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். மாசிலாமணி தனியாக ஓர் ஓரத்தில் குந்தியிருந்தான். அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. செங்கேணி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"டீச்சர், அப்ப காவலே வேணாமா? நாளைக்கு நெசமாவே ஒருத்தன் கை வெச்சான்னா?"

"காவல் போடுங்க. யாரு வேணாம்னாங்க?"

"போட்டாத்தான் இப்பிடி ஆவுதே."

"பாத்ததும் மூடிடுங்க மாமா. மூடிட்டு, மறுபடி மொதல்லேர்ந்து திறங்க."

அவர் அப்படியே எழுதினார். ஓட்டிப் பார்த்தார். காவல் பார்த்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"எல்லாம் சரி," என்றது பெட்டி. அன்றைய வரி வந்தது. "இன்னைக்குப் பாடு, மாசிலாமணி வலைக்கு."

ஸ்பீக்கர் போட்டிருந்ததை இருவரும் மறந்துவிட்டார்கள். கீழே மணல் மேடு முழுக்க ஒரே சத்தம்.

"பாரு, பாரு! பொழுது போற நேரத்துல மறுபடியும் அவன் பேரு!"

"கூட்டத்துலயே கைவரிசையக் காட்றான்யா!"

தேசிங்கு ஓடினார். அறுபது வயசில் அந்தப் படியில் அப்படி யாரும் இறங்கியதில்லை.

தலைவர் கையமர்த்தினார். "தேசிங்கு, சொல்லு. பெட்டியில கை வெச்சது யாரு?"

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். இதே ஆட்கள்தான், அவர் காக்கிச் சட்டை போட்டு ஊருக்குள் வந்தால் எழுந்து வழி விட்டவர்கள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்."

"இன்னாது?"

"யாராவது தொட்டாங்களான்னு பாக்க நான் தொட்டேன். நான் பாத்த பார்வையில ஒரு வரி நழுவிச்சி. அப்புறம் ரெண்டு வரி நழுவிச்சி. மாசிலாமணி பெட்டியத் தொடல. வேற யாருமே தொடல. இப்ப பெட்டி சொன்னதுதான் சரி. இன்னைக்கு அவன் நாளு. நேத்து தனகோட்டி நாளு."

பிறகு பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். "செக்கிங் ஆபீசரு டிக்கெட் இல்லாம மாட்டிக்கினாருடோய்."

சிரிப்பு பரவியது. தலைவர்கூடச் சிரித்தார். தேசிங்கு தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மாசிலாமணி சிரிக்கவில்லை. எழுந்து லுங்கியில் ஒட்டிய மணலைத் தட்டினான். தலைவரைப் பார்த்துத்தான் பேசினான்.

"நேத்து தனகோட்டி நாள நான் தின்னுட்டேன். இன்னைக்கு என் நாளு வீணாப் போச்சி. நாளைக்கு அவன் எறங்கட்டும். அவனுக்கு அடுத்து வரிசை எப்பிடியோ அப்பிடி. எனக்கு ஒண்ணும் வேணாம்."

"நீ இன்னாத்துக்குடா விட்டுக் குடுக்கற?" என்றான் தனகோட்டி.

மாசிலாமணி பதில் சொல்லாமல் நடந்தான். தேசிங்கைத் தாண்டித்தான் போனான். எப்போதும் மச்சான் என்று ஓர் இடி இடித்துவிட்டுப் போகிறவன், இன்று ஓர் ஆள் நிற்கிற மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. செங்கேணியும் தம்பி பின்னாலே போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தது. தேசிங்கு அங்கேயே நின்றார். பவளம் குழந்தையைத் தோளில் தூங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் மணலில் நடந்தார்கள். குழந்தையின் உதடு இன்னும் வீங்கியிருந்தது. அதைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் அவர் நடந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க மாமா."

"உங்களையும் சந்தேகப்பட்டேன்."

"தெரியும். டீக்கடைக்காரரு வந்து, ஏம்மா வேலைய விட்டன்னு கேட்டுட்டுப் போனாரு."

கொஞ்ச தூரம் போனதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"காலையிலேர்ந்து நான் விசாரிக்காத ஆளு இல்ல. டீக்கடை, வலைக் கொட்டாய், மீன் சந்தை. அத்தினி பேர்ல ஒருத்தர்கூட எனக்கு நெசத்த சொல்லலியே டீச்சர். அது ஏன்?"

பவளம் நின்றாள்.

"மாசிலாமணி சித்தப்பாவப் பத்தி தனகோட்டி அண்ணன்கிட்ட கேட்டீங்க. என்னைப் பத்தி டீக்கடையில கேட்டீங்க."

"ஆமா."

"மாசிலாமணி சித்தப்பாகிட்ட இன்னா கேட்டீங்க மாமா?"

தேசிங்கு யோசித்துப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். குழந்தை தூக்கத்தில் ஒரு முறை விக்கியது. அவனிடம் அவர் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.